கழற்றினால் ஓடாது

எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்த கதையைச் சொல்லப்போனால், முதலில் மாப்பிள்ளை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன. இரண்டுக்கும் முன் ஹோலில்தான் இடம் கொடுக்கப்பட்டது. மாப்பிள்ளைக்கு உம்மா பயந்தா, கொம்பியூட்டருக்கு வாப்பா பயந்தார். நான் இரண்டுக்கும் பயப்படவில்லை. எனக்கு அப்போது இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான், காக்கா வெளிநாடு போய்விடுவார் என்பது.

காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். வீட்டில் மூத்தவ ராத்தா, அதாவது அக்கா, அடுத்தது காக்கா, பிறகு நெடுங்காலம் ஒன்றும் இல்லை, பிறகு நான். உம்மா என்னைச் சுமந்தபோது வெட்கத்தில் வெளியே போகவில்லையாம். பிறந்த பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தது காக்காதான். அவருடைய சாரன் மடியில் நான் நனைத்த கதைகளை ராத்தா இன்றைக்கும் ஊர் கூட்டிச் சொல்லுவா.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. கலியாணம் முடித்துப் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரு மகள் பிறந்தால் கூடவே கல்லு, சீமெந்து, ஓடு பற்றிய கவலையும் பிறந்துவிடும். ராத்தாவுக்கு நாங்கள் இருந்த வீடே என்று முடிவாகியிருந்தது. எனக்கு, பக்கத்தில் தென்னை நின்ற வெறும் வளவு. அந்த வளவில் ஒரு வீடு எழும்ப வேண்டும். அது எழும்பிய பிறகுதான் காக்கா தன்னுடைய கலியாணத்தைப் பற்றிக் கதைக்கலாம். இதை யாரும் அவருக்கு உத்தரவாகச் சொன்னதில்லை. எங்கள் ஊர் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மீசை முளைக்கும்போதே அது தெரிந்துவிடும்.

வாப்பாவுக்கு இறக்காமத்துப் பக்கம் வயல் இருந்தது. ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடித்த போகத்தில், கதிர் முற்றுகிற நேரம் பார்த்து யானை இறங்கியது. தின்றதைவிட மிதித்ததுதான் கூட. வாப்பா வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே நின்றார். காலில் சேறு போன பிறகும் கழுவிக்கொண்டு நின்றார். அதற்குக் கொஞ்ச நாளில், கத்தாரில் இருந்த உறவுக்காரர் ஒருவர் காக்காவுக்கு விசா எடுக்கலாம் என்று சொல்லியனுப்பினார். கட்டட வேலை. கட்டடத்தைத் தாளில் வரைகிற, எங்கள் பேச்சில் கீறுகிற, வேலை இல்லை, கல் தூக்குகிற வேலை.

அதுதான் இடித்தது. ஏனென்றால் காக்கா கீறுகிறவர். கல்முனை டவுனில் வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கிற ஒருவரிடம் அவர் வேலை செய்தார். அங்கே ஒரு சாய்ந்த பெரிய மேசை, நீட்டு மட்டம், வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய தாள். காக்கா கீறினால் கதவு திறக்கிற அந்தச் சின்ன வளைவுகூட அழகாக இருக்கும். ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்டுச் சபை அலுவலகத்துக்கு, அதாவது கந்தோருக்கு, போகிற பிளான்கள் கொழும்பிலிருந்து கொம்பியூட்டரில் கீறி வரத் தொடங்கியிருந்தன. காக்காவும் கொழும்பில் தங்கி அந்தக் கீறல் புரோகிராமைப் படித்துவிட்டு வந்திருந்தார். படிப்பு தலைக்குள் இருந்தது, மெசின்தான் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது அப்படிக் கீறிக் கொடுக்க வேறு ஆளே இல்லை.

"மெசின் ஒண்டு இருந்தா நான் ஏனும்மா போறன்?" என்று ஒருநாள் குசினி வாசலில் நின்று கேட்டார்.

உம்மா அகப்பையைக் கீழே வைத்தா. "அப்ப வாங்கு. அது ஓடினா நீ போகத் தேவல்ல. ஓடாட்டி மறுகா பாப்பம்."

அன்றைக்கு அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. கொம்பியூட்டர் ஓடினால் காக்கா இருப்பார், ஓடாவிட்டால் போவார். பெரியவர்கள் கதைத்த எத்தனையோ விஷயங்களில் எனக்குத் தெளிவாக விளங்கியது அது ஒன்றுதான். மதரஸாவில் சூறா பாடமாக்குவதைப்போல அதைப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

புதுசு வாங்க வழியில்லை. கொழும்பில் ஒரு கந்தோரை மூடுகிறார்கள், பழைய கொம்பியூட்டர்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காக்கா போனார். படிப்பித்தவர் அவருக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். முன்னூற்று எண்பத்தாறு என்ற வகை வாங்கினால், கணக்குப் போடுகிற சிப்பைத் தனியாக வாங்கிப் பக்கத்தில் பொருத்த வேண்டும். நானூற்று எண்பத்தாறு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை, கணக்குச் சிப் உள்ளேயே இருக்கும். காக்கா பார்த்த மெசினின் நெற்றியில் நானூற்று எண்பத்தாறு என்றே எழுதியிருந்தது. மூடியைத் திறந்து பார்க்க அவருக்கு ஆசைதான். ஆனால் அது றமழான் மாதம். விற்றவர் நோன்பு பிடித்திருந்தார், உதடு காய்ந்துபோய் இருந்ததாம். நோன்பாளி ஒருவர் இது நானூற்று எண்பத்தாறு என்று சொன்ன பிறகு, எங்கே திறந்து காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

கொம்பியூட்டர் லொறியில், மா மூட்டைகளுக்கு நடுவே, சாரனால் சுற்றப்பட்டு வந்தது. பக்கத்து வளவுகளிலிருந்து சனம் வந்து பார்த்தது. முன் ஹோலில்தான் மூன்று ஓட்டைப் பிளக் இருந்தது. எனவே அங்கேயே, ராத்தாவின் கலியாணத்துக்கு வாங்கிய புது மேசையில் வைத்தார்கள். "கிட்டப் போகாத, கண்ணுக்குக் கூடா" என்று வாப்பா என்னைத் தடுத்தார். அவர் மட்டும் தூரத்திலிருந்து அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா என் பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். எழுத்துகள் வந்தன. ஓடிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த நாள் கீறல் புரோகிராமை டிஸ்க் டிஸ்க்காகப் போட்டார். எல்லாம் போட்டு முடிந்து அதைத் திறந்தபோது, கறுப்புத் திரையில் இங்கிலீசில் ஒரு வரி வந்து நின்றது. காக்கா அதை வாசித்தார். மெசினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே வரி.

"என்னவாம்?" என்றா உம்மா.

"கணக்குச் சிப்பக் காணல்லயாம். அது இல்லாட்டித் திறக்காதாம்."

பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அதன் முதுகில் நானூற்று எண்பத்தாறு என்ற இலக்கம். இலக்கத்துக்குப் பின்னால் இரண்டு இங்கிலீஸ் எழுத்து. அந்த இரண்டு எழுத்தில்தான் சங்கதி இருந்திருக்கிறது. கணக்குச் சிப்போடு வருவதற்கு ஒரு சோடி எழுத்து, அது இல்லாமல் மலிவாக வருவதற்கு வேறு சோடி. எங்களுடையது மலிவு. அதற்குப் பக்கத்தில், சுற்றிவர நுண்ணிய துளைகளோடு ஒரு வெறும் இருக்கை. காக்கா அந்த வெறும் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாப்பாவுக்குத் தாங்கவில்லை. "கணக்குத் தெரியாத கொம்பியூட்டரா? மறுகா என்னத்துக்கு அது?"

"தெரியும் வாப்பா. முழு எண்ணெண்டாச் சட்டெண்டு போடும். ஒண்டரை, முக்கால், அதுக்கும் கீழ எண்டு வந்தாத்தான் இழுபடும். அத உடச்சு உடச்சு, கூட்டிக் கழிச்சுத்தான் போடணும். ஒரு வளைவு கீற எத்தின தரம் அப்பிடிச் செய்யணும் பாருங்க. அதுக்குத்தான் பக்கத்துல துணைக்கு ஒண்டு. உதிரிக் கணக்கெல்லாம் அது பாக்கும்."

வாப்பா யோசித்தார். "இப்ப விளங்கிற்று. மூட்டைய எண்ணத் தெரியும், உதிரி நெல்ல அளக்கத் தெரியா."

"ஓம் வாப்பா. அதேதான்."

"அப்ப மெதுவா அளக்கட்டுமே. நமக்கென்ன அவசரம்?"

"மெசின் அளக்கும் வாப்பா. இந்தப் புரோகிராம்தான் பொறுக்காது. துணைய வச்சிற்று வா எண்டு நிக்கிது."

முதலில் செய்யும்போது கணக்குப் பகுதியையும் சேர்த்தே செய்துவிட்டு, பிறகு மலிவாக விற்பதற்காக அதை அடைத்துவிடுவதும் உண்டாம். காக்கா அதைச் சொன்னபோது உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கிறத ஏன்டா அடைக்கிறானுகள்? அல்லாவே!" என்று, செய்தவர்கள் பக்கத்து வளவில் இருப்பதைப்போல வேலிப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டா.

நோன்பு முடிந்து பெருநாளும் போனது. ராத்தாவின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர். எனக்கு மச்சான்; காக்காவும் அவரும்கூட ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவார்கள். இதில் அல்லாஹ்வின் விளையாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், பிறகு அழுகை வரும்.

மாப்பிள்ளை வந்த வீட்டில் மற்ற எல்லோரும் கொஞ்சம் சுருங்குவார்கள். வாப்பாவும் உம்மாவும் நானும் குசினியோடு சேர்ந்த பின் அறைக்கு மாறினோம். கலியாணம் முடிக்காத ஆம்பிளைப் பிள்ளை அந்த வீட்டில் படுப்பது அழகில்லை என்பதால், காக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு கூட்டாளியின் கடைக்குப் போனார். சாப்பிட மட்டும் வருவார். வளவு வாசல் கடப்படியில் நின்று ஒரு தரம் இருமுவார். ராத்தா உள்ளே இருந்து "வாங்க காக்கா" என்று, தம்பியாக இருந்தவரைத் திடீரென்று மரியாதைக்குக் காக்கா என்று கூப்பிடுவா. மாப்பிள்ளைக்கு முன்னால் வீட்டு ஆம்பிளையை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு அது சரியான வேடிக்கையாக இருந்தது. இருமிக்கொண்டு வருகிற காக்காவைப் பார்த்து நானும் இருமிக் காட்டுவேன்.

கொம்பியூட்டர் முன் ஹோலிலேயே, வெள்ளைத் துணி போர்த்தபடி இருந்தது. விசாவும் வந்து சேர்ந்தது. காக்கா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். தவணைக்குள் போக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போய்விடும் என்றார்கள். விசா சாகட்டும் என்று நான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆக் கேட்டேன்.

வீட்டுக் கஷ்டத்தை மாப்பிள்ளையிடம் மூச்சு விடக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. ராத்தா விட்டுவிட்டா. மச்சான் கேட்டுக்கொண்டிருந்தாராம். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலையாகக் கொழும்பு போனவர், பள்ளிக்கூடத்துப் பெரிய மனிதர்களோடு ஊர் சுற்றாமல், பழைய கொம்பியூட்டர்ச் சாமான் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். திரும்பி வந்த அன்று, லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காக்காவின் கையில் வைத்தார். கறுப்பு நுரைத் துண்டில் குத்தியபடி அந்தக் கணக்குச் சிப் இருந்தது. பழையதைப்போலவே சாம்பல் சதுரம், அடியில் ஒரு காடு மாதிரி ஊசிக் கால்கள்.

காக்கா அதைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா.

மச்சான் நல்ல மனிஷன். அதுதான் இதில் உள்ள கஷ்டம். கெட்ட மனிஷனாக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது நாங்கள் ஆறியிருப்போம்.

காக்கா மூடியைக் கழற்றி, அந்த வெறும் இருக்கையில் சிப்பை மெல்ல அழுத்தினார். கிர்ரென்று ஒரு சத்தத்தோடு இறங்கியது. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். சுவிச்சைப் போடப் போன காக்காவை உம்மா மறித்தா.

"மருமகன்ட கையால தொடங்கட்டும். வாங்க மகன், பிஸ்மிச் சொல்லி நீங்க இந்தக் கதிரைல இருங்க."

"ஐயோ மாமி, மச்சான்ட மெசினுக்கு நானா?" என்று மச்சான் பின்னால் போனார்.

மாப்பிள்ளைக்கு நீட்டிய கதிரையைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. காக்காவே அந்தக் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்க மச்சான்," என்றார்.

மச்சான் இருந்தார். சுவிச்சைப் போட்டார். கீறல் புரோகிராம் திறந்தது. கறுப்புத் திரை, அதன் நடுவில் ஒரு கூட்டல் குறி. அவ்வளவுதான். ஆனால் காக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. நான் கிணற்றடிக்கு ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, எங்கட காக்கா போகமாட்டார், எங்கட காக்கா போகமாட்டார் என்று கத்தினேன். உம்மா அன்றைக்கு வட்டிலப்பம் அவித்தா.

முதல் வேலையாகக் காக்கா என்னுடைய வீட்டைக் கீறினார். தென்னையைத் தறிக்காமல், அதைச் சுற்றிக்கொண்டு போகிற ஒரு விறாந்தை. குசினிக்குக் கிழக்கில் ஜன்னல். "எனக்கு ஊஞ்சல் கட்டணும்" என்றேன். ஒரு வளையம் கீறி, இதுதான் ஊஞ்சல் கொழுவி என்றார். மச்சான் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் தானும் பழகினார். கணக்குத் தலை, சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

அந்த நாளில் பகலில் கரண்ட் இருக்காது. பின்னேரம்தான் வரும். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நேரம். புது மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிற ஹோலில் கலியாணம் முடிக்காத ஒருவர் எவ்வளவு நேரம் குந்தியிருக்கலாம்? பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்னதும் காக்கா எழும்பிவிடுவார். விட்ட இடத்திலிருந்து மச்சான் கீறி முடிப்பார். காக்கா நாடாவைப் பிடித்து வளவு வளவாகப் போய் அளந்துகொண்டு வருவார், மச்சான் அதைப் போடுவார். வீடு கட்டுகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். கடப்படியில் நின்று, "மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்பார்கள். கொம்பியூட்டர் இருப்பது ராத்தாவின் வீட்டில், ராத்தாவின் வீடென்றால் மாப்பிள்ளையின் வீடு, வேறு யாரைக் கேட்பார்கள்? "வாற காச மச்சானும் எடுக்கணும்" என்று மச்சான் சண்டை பிடித்துக் கொடுப்பார். காக்கா வாங்குவார், வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒருநாள் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சிப்போடு வந்த கடதாசியை எடுத்து மறுபடி வாசித்தார். பிறகு தானாகச் சிரித்தார்.

"உம்மா, ஒரு புதினம் கேளுங்க. துணைச் சிப்பெண்டு வாங்கினமே, அது துணைச் சிப்பே இல்ல. முழுச் சிப். கணக்கும் தெரியும், மத்த வேலையும் தெரியும். அது வந்து இருந்த உடன பழசுக்கு நீ பேசாம இரு எண்டு சொல்லிருமாம். இப்ப எல்லா வேலையும் புதுசுதான் செய்யிது. பழசு சும்மா இரிக்கி."

"அப்ப பழசக் கழட்டி வச்சா என்ன? கரண்டாவது மிச்சம்."

"கழட்டினா ஓடாதாம். பக்கத்துல பழசு இரிக்கா எண்டு புதுசு பாக்குமாம். இல்லாட்டி வேல செய்யாதெண்டு இதுல போட்டிரிக்கி."

உம்மா அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் மீன் ஆணம் ஊற்றினா. "அதுவும் நல்லந்தானே. வேல செய்யாட்டியும் ஆளா மதிச்சு வச்சிரிக்கி."

"ஓம்மா," என்றார் காக்கா. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தத் தென்னையைச் சுற்றிக்கொண்டு போகிற விறாந்தையில் இருந்துதான். தென்னை கிழண்டு, ஓலை பழுத்து விழுகிறது. ஊஞ்சல் கொழுவியும் இருக்கிறது. வீட்டின் அத்திவாரம் முதல் ஓடு வரை கத்தாரிலிருந்து காக்கா அனுப்பிய காசில் வந்தது. காக்காதான் நிரந்தரமாகத் திரும்பி வரவில்லை. லீவில் இரண்டொரு தரம் வந்தபோது, சுவர் பாதியில் நின்றது. கூட்டாளியின் கடையில்தான் படுத்தார். கலியாணப் பேச்சை எடுத்தால், தங்கச்சிட வீடு முடியட்டும் என்றார். வீடு முடிகிற வருஷம், அங்கே வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாராம், பிறகு எழும்பவில்லை. மவுத்தான ஊரிலேயே அடக்கிவிட்டார்கள். அதுதான் முறை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து உம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். உம்மாவுக்கு விளங்கியது. ஆனாலும் சாகும்வரைக்கும், கடப்படியில் யாராவது இருமினால் எழும்பிப் பார்ப்பா.

அவருடைய பையைக் கூட வேலை செய்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். சட்டைகள், ஒரு அத்தர்ப் போத்தல், தஸ்பீஹ் மணிமாலை. அதற்கடியில், சவர்க்காரம் வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் பஞ்சு வைத்து, சாம்பல் நிறச் சதுரம். ஊசிக் கால் ஒன்றுகூட வளையாமல் இருந்தது. உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன சாமானென்று தெரியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

மச்சான் வாங்கிப் பார்த்தார். அப்போது அவர் எங்கள் பக்கத்தில் பேர்போன பிளான் கீறுகிற மாஸ்டர். அந்தப் பழைய மெசினை எத்தனையோ வருஷம் பாவித்துவிட்டு, புதுசு புதுசாக வாங்கிக்கொண்டு போனவர். அந்த மூடியை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. சதுரத்தின் முதுகில் இருந்த எழுத்தை வாசித்தார்.

"இது அந்த மெசின்ட பழைய சிப்பெல்லா? இது இல்லாம அது எப்பிடி ஓடின?" என்றார். பிறகு, "இத எப்ப எடுத்தவர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே நிலத்தில் குந்தி, பிள்ளையைப்போல விம்மி விம்மி அழுதார். அவரை நாங்கள் அப்படி முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியும். எடுக்கும்போது கூட நின்றது நான்தான்.

விசாவின் தவணை முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதிசயமாக அன்றைக்குக் காலையிலேயே கரண்ட் இருந்தது. மச்சான் பள்ளிக்கூடம் போய்விட்டார், ராத்தா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. காக்கா கடப்படியில் இருமாமல் வந்தார். நேரே ஹோலுக்குப் போய், வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றினார். கழன்ற ஆணிகளை என் உள்ளங்கையில் போட்டார்.

ஸ்குரூ ட்ரைவரின் நுனியைப் பழைய சிப்பின் விளிம்புக்கடியில் கொடுத்து, ஒரு மூலையை நெம்பினார், பிறகு அடுத்த மூலை, பிறகு அடுத்தது. அவசரப்படவில்லை. அது மெல்ல மெல்ல எழும்பி அவருடைய விரலுக்கு வந்தது.

"கழட்டினா ஓடாதெண்டு சொன்னீங்களே காக்கா!"

"அப்பிடித்தான் எழுதியிரிக்கி. பாப்பம். சுவிச்ச நீ போடு தங்கச்சி."

ஓடாவிட்டால் காக்கா போவார். இதைப் போய் ஏன் இப்போது கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று அழுகை அழுகையாக வந்தது. கண்ணை மூடினேன். பிஸ்மிச் சொன்னேன். தெரிந்த சூறா எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து ஓதிக்கொண்டு சுவிச்சைப் போட்டேன்.

விசிறிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். இலக்கங்கள் ஓடின. காக்கா எதையோ தட்டினார். கறுப்புத் திரை வந்தது, நடுவில் கூட்டல் குறி வந்தது. பிறகு, கோடு கோடாக, என்னுடைய வீடு வந்தது. விறாந்தை தென்னையைச் சுற்றிக்கொண்டு போனது. ஊஞ்சல் கொழுவியின் வளையம், ஒரு குறையும் இல்லாமல், வட்டமாக வந்து நின்றது.

"ஓடுது காக்கா! ஓடுது!" என்று துள்ளிக் கைதட்டினேன். கையில் இருந்த ஆணியெல்லாம் ஹோல் முழுக்கச் சிதறின.

காக்கா திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த சதுரத்தைப் பார்த்தார். அதைச் சட்டைப் பைக்குள், விசா இருந்த அதே பைக்குள் போட்டார். பிறகு குனிந்து, நான் சிதறவிட்ட ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. தூசு பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"ஓம் தங்கச்சி," என்றார். "நல்லாத்தான் ஓடுது."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கைதட்டிக்கொண்டே குசினிக்கு ஓடினேன். உம்மா அடுப்படியில் குனிந்திருந்தா. பின்னால் போய் அவவுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"உம்மா, கொம்பியூட்டர் ஓடுது! காக்கா இனிப் போகமாட்டார்!"